தண்ணீர்மேல் போட்ட பழி

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழி தண்ணீர்மேல்தான் விழும். தலைமுடி கொட்டினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மருமகள் இளைத்துப்போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு யாரும் வயிறாரச் சோறு போடாதது கணக்கில் வராது. வாழ வந்த பெண் வாயாடியாக இருந்தால்கூட, 'அது அந்த ஊர்த் தண்ணி' என்று அவள் பிறந்த ஊரையும் சேர்த்து வைவார்கள். என்னை அப்படித்தான் வைதார்கள். நான் பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம், சிறுவாச்சூரை அடுத்த ஒரு கரிசல் காட்டுக் கிராமம். வாழ்க்கைப்பட்டது அரியலூரில், சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த வீட்டில்.

தண்ணீரைக் குறை சொல்வதில் நானும் சளைத்தவள் இல்லை. என் மகன் மூச்சுவிட முடியாமல் திணறியபோது முதலில் கிணற்றைத்தான் திட்டினேன். பிள்ளைக்கு வந்த கோளாறு மூச்சில். நாங்களோ மூக்கை விட்டுவிட்டு அவன் வாய்க்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதி என்மேல்.

காளவாய் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் வட்டமாகக் கட்டிய சூளை. உடைத்த சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று வாய்வரை நிரப்பி அடியில் தீ வைப்பார்கள். நாள்கணக்கில் எரியும். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. மேல்காற்று அடித்தால் ஒன்றின் புகை வீட்டுக்குள் வரும். வாடை அடித்தால் மற்றதன் புகை வரும். காற்றே அடிக்காவிட்டால் இரண்டும் வரும்.

அது இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். சிமிட்டி எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் வீடு கட்டுகிறவர்கள் சுண்ணாம்புக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். நல்ல கரியும் விறகும் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் எஞ்சின்கள் கொட்டிவிட்டுப் போகும் கரிக்கசடைக் கூடை கூடையாக அள்ளி வந்து எரித்தோம். அந்தப் புகை மஞ்சளாக இருக்கும், தொண்டையில் கசக்கும். முன்பெல்லாம் மாதத்தில் பாதி நாள் ஆறிக் கிடந்த காளவாய்கள் அந்த வருஷங்களில் அணையவே இல்லை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

வீட்டில் மாமனார், மாமியார் இல்லை. என் கணவரும் அவருடைய அக்காவும்தான். நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவருமே ஒரு வயதைத் தாண்டவில்லை. 'புள்ள தங்காதவ' என்று சொல்லிப் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவர் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து தம்பியை வளர்த்து ஆளாக்கினார். அதனால் அந்த வீட்டில் அவர் கிழித்த கோட்டைத் தாண்ட ஆளில்லை. கணவரிடம் எதைக் கேட்டாலும், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மார்கழியில் பையன் பிறந்தான். ஐந்தாம் மாதம் அரியலூருக்குக் கொண்டு வந்தோம். நாத்தனார் வாசலில் ஆரத்தி எடுத்து, பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பால் கொடுக்க மட்டும்தான் பிள்ளை என்னிடம் வந்தான். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாம் வாரம் இருமல் ஆரம்பித்தது. ஆனி பிறப்பதற்குள் இழுப்பாகிவிட்டது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே பள்ளமாக விழும். மூக்குத் துவாரம் விரியும். நாலு வாய் பால் குடிப்பான், உடனே மார்பை விட்டுவிட்டு மூச்சுக்கு அலைவான். பசி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். இரண்டில் எதை எடுப்பது என்று ஆறு மாதப் பிள்ளை தவித்ததை நான் கண்ணால் பார்த்தேன். மார்பில் பால் கட்டி வலிக்கும், மடியில் பிள்ளை பசியோடு கிடப்பான்.

நாத்தனார் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் காதை வைத்துக் கேட்பார்.

"கோழிக்குஞ்சு கத்துற மாரி கேக்குதுடி. காத்து பட்டுடுச்சு. சாளரத்த அடை."

சாளரத்தில் கோணிச்சாக்கைத் திணித்தோம். கதவைச் சாத்தினோம். குளிர் அண்டாமலிருக்கத் தூளிக்கு அடியில் கரி நெருப்புச் சட்டி வைத்தோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் நெருப்பில் சாம்பிராணியும் நொச்சியும் வசம்பும் போட்டு, கிளம்பும் புகைக்கு மேல் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாத் தாய்மார்களும் செய்வதுதான். எங்கள் வீட்டில் இழுப்பு அதிகமாக அதிகமாகப் புகையும் அதிகமானது. ஒரு வேளை போட்டது இரண்டு வேளை ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மருந்துக்கு ஒரு நாள் அடங்கும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி என்று வந்து நிற்கும்.

ஒன்பதாம் மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே, அதனால் அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அங்கே பதினைந்து நாள் தங்கினோம். நாலாம் நாளே இழுப்பு குறைந்தது. ஒரு வாரத்தில் அடங்கியே போனது. என் மகன் முழு வயிற்றுக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கியதை அங்கேதான் பார்த்தேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். அண்ணனுக்கு ஒரு மகள், என் மகனுக்கு இருபது நாள் இளையவள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என் மகன் உட்கார வைத்தால் சாய்ந்தான். அவள் எதைப் பார்த்தாலும் ஏதாவது சத்தம் போட்டாள். இவன் சத்தமே போடுவதில்லை. சத்தம் போட மூச்சு வேண்டுமே. அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு மனசு வராது. ஏதாவது சாக்குச் சொல்லி இவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: தண்ணீர். நம்பாமல் இருக்க முடியாது. அரியலூர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். புளி போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. பாத்திரத்துக்கே இப்படி என்றால் பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு எப்படி இருக்கும் என்று நானே நாத்தனாரிடம் சொன்னேன்.

அரியலூர் திரும்பிய மூன்றாம் நாள் கோழிக்குஞ்சு மறுபடி கத்தியது. நாத்தனார் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்.

"புள்ள எதுக்கு அங்க போவணும்? தண்ணி இங்க வரட்டும்."

அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் அவரே பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார். பெட்ரோல் கிடைக்காமல் அப்போது பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஒரு பெரிய உருளையில் கரி எரியும். மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். குடத்தை வைக்க இடம் பின்வரிசையில்தான். அந்தப் புகையிலேயே உட்கார்ந்து போய், அண்ணன் வீட்டுக் கிணற்றில் நீர் சேந்தி, வாயில் துணி கட்டி, மறுநாள் கொண்டு வருவார்.

"என்னம்மா, காசியிலேருந்து கங்கையா வருது?" என்று கண்டக்டர் கேலி செய்வாராம்.

"ஆமாம்ப்பா, ஒனக்கு ஒரு சொட்டு தெளிச்சு விடட்டா? பாவமெல்லாம் போயிடும்" என்று இவரும் விட மாட்டாராம்.

நாற்பது வயதில், இடுப்பு ஒடிய, எனக்காக இல்லை, என் பிள்ளைக்காகச் சுமந்தார். அதை நான் மறுக்கவே மாட்டேன். பிள்ளைக்குக் குடிக்க, கஞ்சி காய்ச்ச, வாய் துடைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். இரண்டு மாதமாயிற்று. இழுப்பு நிற்கவில்லை. நாத்தனாருக்கு என்மேல் சந்தேகம் வந்தது.

"கெணத்துத் தண்ணிய கலந்துட்டியாடி? கை நனைஞ்சிருந்தாக்கூட ஆவாதுன்னு சொன்னேனே!"

நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தக் குடத்தைக் காத்தேன். ஒரு சொட்டுக் கலக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகத் தண்ணீர்மேல் இருந்த கோபம் ஆட்டம் கண்டது.

ஒரு நாள் காலையில் பிள்ளையின் மூக்கைச் சுத்தம் செய்ய வெள்ளைத் துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு எடுத்தேன். தினமும் செய்வதுதான். துணியில் ஒட்டியிருந்தது கறுப்பு. அதுவும் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அண்ணன் வீட்டில் இருந்த பதினைந்து நாளும் இதே மாதிரித் திரிதான் விட்டேன். அங்கே கறுப்பு வந்ததா? முதல் இரண்டு நாள் வந்தது. அப்புறம் இல்லை. இன்னொரு திரி முறுக்கினேன். என் மூக்கில் விட்டுப் பார்த்தேன். கறுப்பு. தூளித்துணியை உதறினேன், மாவு மாதிரி வெள்ளைத் தூள் பறந்தது. சாளரத்துக் கோணியைப் பிடுங்கினேன். காளவாய்ப் புகை உள்ளே வந்தது. மறுபடி அடைத்தால் நெருப்புச் சட்டியின் புகை வெளியே போக வழியில்லை.

அன்றே நாத்தனாரிடம் சொன்னேன்.

"அண்ணி, தண்ணி இல்லங்க. இந்தப் பொகைதான் புள்ளைக்கு ஆவல."

"இந்தப் பொகையிலதான்டி ஒம் புருசன் பொறந்தான், வளந்தான். மரமாட்டம் நிக்கலயா?"

"நிக்கிறவங்கள மட்டும் எண்ணுனா ஆச்சா? நிக்காம போனவங்களயும் எண்ண வேணாமா?"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பிள்ளைகள் மூவரும் பிறந்ததும் அந்த வீட்டில். வளர்ந்த சில மாதங்களும் அந்த வீட்டில். பேறுகாலத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குத்தானே வருவாள்.

அவர் கத்தவில்லை. "அதுங்க மாந்தத்துல போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோணியை எடுத்துச் சாளரத்தில் மறுபடி திணித்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், எத்தனை நாளைக்கு? கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் ஊர் அதற்கு ஒரு பேர் வைத்துவிடும். கணவரும் அக்காவும் சம்மதிக்க வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்று நாத்தனார் நம்புகிறவரை சம்மதிக்க மாட்டார். எங்கள் ஊர்த் தண்ணீர்தான் வாராவாரம் வீட்டுக்கே வருகிறதே! அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. தண்ணீரை மாற்றாமல் காற்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு அண்ணன் அழைத்திருந்தார். நாத்தனாரும் கூட வந்தார். பிள்ளையை என்னிடம் தனியாக விட அவருக்கு மனசில்லை. போகிற போக்கில் தண்ணீர் எடுத்து வரலாம் என்று வழக்கமான குடத்தையும் எடுத்துக்கொண்டோம். அந்தக் குடத்தில் நான் எங்கள் காளவாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, வாயில் துணி கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"என்னடி கனமாத் தூக்கிட்டு வர?"

"வெறுங்குடத்தோட கெளம்புனா சகுனம் ஆவாதுன்னு அடியில கொஞ்சம் தண்ணி விட்டிருக்கேங்க அண்ணி."

"அதுவும் சரிதான்" என்றார். எனக்குக்கூட மரியாதை தெரிகிறதே என்று அவருக்குத் திருப்தி. பஸ் ஸ்டாண்டு வரை அந்தக் குடத்தை வெறுங்குடம் மாதிரித் தூக்கி நடந்தேன். பிள்ளை அவர் தோளில் கோழிக்குஞ்சாய்க் கத்திக்கொண்டு வந்தான். பின்வரிசைக் கரிப்புகையில் வழி முழுக்க இருமினான்.

அண்ணன் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிருக்குப் பின்னால் குடத்தை மறைத்து வைத்தேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கஞ்சியும் குடிதண்ணீரும் அதிலிருந்துதான். முதல் கரண்டியை அவன் வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். ஒருவேளை நாத்தனார் சொல்வதுதான் சரி என்றால்? ஒருவேளை இந்தத் தண்ணீர்தான் விஷம் என்றால்? பெற்ற தாய் தெரிந்தே ஊட்டுகிறாள். தோற்றால் பிள்ளை போவான். ஜெயித்தால் புருஷன் வீடு போகும். எது போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஊட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் இழுத்தது. மூன்றாம் நாளும் இழுத்தது. நான் சோறு தின்னவில்லை. நாலாம் நாள் பிள்ளை முழு மார்பும் குடித்தான். ஏழாம் நாள் இரண்டு கையையும் ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி, அண்ணன் மகளை நோக்கி ஒரு முழம் தவழ்ந்தான். வயது ஒன்று முடிந்திருந்தது.

எட்டாம் நாள் நாத்தனார் பிள்ளையின் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எடுத்தார். தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பாத்திரத்தைக் கவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளைப் படிவு. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய படிவு அவருக்கு.

"இது எந்தத் தண்ணி?"

என் கண் தன்னால் உள்ளே குதிர்ப் பக்கம் போனது. அவர் உள்ளே போனார். குதிருக்குப் பின்னால் குடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். கை என்னை அடிக்க ஓங்கி நின்றது.

"பாதகத்தி! பச்சப் புள்ளைக்கு இதயா ஊத்திக்கிட்டிருந்த? எத்தன நாளா?"

"வந்த அன்னைலேருந்துங்க அண்ணி. எட்டு நாளா. வேற ஒரு சொட்டு குடுக்கல."

ஓங்கிய கை இறங்கியது. அவர் ஓடிப்போய் முற்றத்தில் கிடந்த பிள்ளையை வாரி எடுத்தார். மடியில் குப்புறப் போட்டு முதுகில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். காதை மாற்றி வைத்தார். பிள்ளை சிரித்துக்கொண்டு அவர் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

"ஆமாங்க அண்ணி."

"அப்ப தண்ணி இல்லயா?"

"இல்லங்க."

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது; அதை மறைக்க விரும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது செத்தது.

"மூணாவதுக்கு மூச்சு வாங்குனப்ப அது கதவப் பாத்து கைய நீட்டும்டி. வாசப்பக்கம் தூக்கிட்டுப் போவச் சொல்லும். ஏழு மாசப் புள்ளைக்கு அது தெரிஞ்சிருக்கு. காத்து பட்டுடும்னு நாந்தான் கதவ சாத்துனேன். நெருப்ப இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சேன்."

பிறகு அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கணவர் எங்களைக் கூட்டிப்போக வந்தார். நாத்தனார் வாசலிலேயே அவரை மறித்தார்.

"புள்ள அந்த வூட்டுக்கு வராது. டவுனுக்கு அந்தாண்ட வேற வூடு பாரு. பாத்துட்டு வந்து கூப்புடு."

"தண்ணிதான் கொண்டு போறோமேக்கா?"

"தண்ணியில ஒண்ணுமில்லடா."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் திரும்பிப் போனார். ஊரின் தென்கோடியில் வீடு கிடைத்து நாங்கள் போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஊர் எனக்குப் பேர் வைத்துவிட்டது. வைத்துவிட்டுப் போகட்டும். என் மகன் பிழைத்தான். ஆனால் போன மூச்சு முழுக்கத் திரும்பவில்லை. இரண்டு வயது தாண்டித்தான் நடந்தான், மூன்று முடிந்துதான் பேசினான். நெஞ்செலும்பு முன்னால் துருத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, இருபது நாள் இளையவளான அண்ணன் மகள் அவனைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடினால் இவன் நின்று பார்ப்பான். ஏழெட்டு மாதப் புகை, அவ்வளவுதான். அதற்கு அவன் ஆயுசு முழுக்க வட்டி கட்டினான்.

நாத்தனார் காளவாய் வீட்டிலேயே இருந்தார். பிள்ளை இன்னும் நடக்காத அந்த நாள்களில் வாரம் ஒரு நாள் அவனைப் பார்க்க வருவார். பொட்டுக்கடலை கொண்டு வருவார். வாசலுக்கு வெளியே நின்று முந்தானையை உதறிவிட்டுத்தான் படியேறுவார். அவன் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுவான். அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

"நீ தூக்குடி. எங் கையி வேணாம்."